சொல்மேகம் போடும் புனிதவதி

கணினித் திரையின் மேல்பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டித் தலைப்பை மறைத்துவிட்டு, புனிதவதி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்கிறார். "இது எதப் பத்தின கட்டுரைன்னு சொல்லுங்க பாப்போம்" என்கிறார். திரையில் சொற்கள் பெரிதும் சிறிதுமாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஆறு, படகு, சுற்றுலா, கட்டணம், மரம், ஒளி. மகளின் பள்ளிக்கூட வேலைக்காக வந்திருக்கும் அம்மாள் முன்னால் குனிந்து பார்க்கிறார். "ஏதோ டூர் கம்பெனி மாதிரி இருக்கு" என்கிறார். புனிதவதி தாளைப் பிய்த்து எடுக்கிறார். கலைக்களஞ்சியத்தில் மின்மினிப் பூச்சியைப் பற்றிய பக்கம் அது. "பூச்சியவே காணோமே" என்று அம்மாள் கேட்க, "இருக்கு லா. கீழ மூலையில பாருங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்று பதில் வருகிறது.

சுங்கை பெசார் பசாருக்குப் பின்வரிசையில், டயர்க் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது அவர் கடை. நகல் எடுப்பது, அட்டை போடுவது, கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு எல்லாம் உண்டு. ஆனால் கடையின் பேர் பரவியது பள்ளிப் பிள்ளைகளின் திட்டவேலையால்தான். மற்ற கடைக்காரர்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, அப்படியே அச்சடித்து, அட்டை போட்டுக் கையில் திணித்துவிடுவார்கள். புனிதவதி அப்படிச் செய்யமாட்டார். கட்டுரையை முதலில் மேகமாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

மேகம் என்று அவர் சொல்வது சொல்மேகத்தை. கட்டுரையில் அடிக்கடி வரும் சொல் பெரிதாகவும், எப்போதாவது வரும் சொல் பொடியாகவும் தெரியும் படம். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் நித்தியா, "ஜஸ்ட் பேஸ்ட் பண்ணுங்கம்மா, அதுவா வந்துரும்" என்று தொலைபேசியிலேயே கற்றுக்கொடுத்தாள். அதுவாக வரவில்லை. தமிழ்ச் சொல்லுக்கு வால் நீளம். செம்பனை, செம்பனையை, செம்பனைக்கு, செம்பனையிலிருந்து என்று வந்தால் நாலும் நாலு வெவ்வேறு சங்கதி என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். புனிதவதி உட்கார்ந்து, முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி, ஒவ்வொரு வாலாகக் கிள்ளி எறிவார். 'ஒரு', 'இந்த', 'ஆகும்', 'மற்றும்' என்பவற்றுக்கு விலக்குப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஏற்றிய சொல் படத்தில் வராது. எல்லாக் கட்டுரையிலும் தலைகாட்டும் சொல்லை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது அவர் கட்சி.

மேகம் விழுந்த பிறகு மணிலா அட்டையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டு ஒரு சுருக்கப் படம் வரைவார். கட்டுரையைப் படிப்பது கடைசியில்தான். "மொதல்லயே உள்ள போயிட்டா, எழுதுனவரு கையப் புடிச்சிக்கிட்டு அவரு காட்டுற வழியிலயே போயிருவேன். அவரு எத மறைக்கணும்னு நெனச்சாரோ அது எனக்கும் தெரியாமப் போயிரும்" என்பார். இந்த ஒழுங்கை அவர் யாருக்காகவும் மாற்றிக்கொண்டதில்லை. அவசரமென்று வந்து நின்ற தலைமையாசிரியரைக்கூட முக்கால் மணி நேரம் உட்காரவைத்தவர்.

பதினோரு மணிக்குத் தேநீர் வந்துவிட்டால் பிள்ளைகளின் வேலையெல்லாம் ஓரம் போகும். அப்போது தனக்கென்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வார். உப்பு, காலரா, நிலா, யானை, கப்பல் என்று எது கண்ணில் படுகிறதோ அது. அச்சடித்த மேகங்களைக் கடையின் குறுக்கே கட்டிய கயிற்றில் துணிக் கவ்வி போட்டுத் தொங்கவிடுவார். மின்விசிறிக் காற்றில் அவை மெல்ல ஆடும். சும்மா சொல்லக்கூடாது, தனியாக நின்று பார்த்தால் ஒரு மாதிரிதான் இருக்கும். வாக்கியத்தில் இருக்கிற வரைக்கும் சொற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. பிரித்துத் தொங்கவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன. காலராவின் மேகத்தில் 'கிணறு' நடுவில் இருக்கிறது. செம்பனையின் மேகத்தில் 'எண்ணெய்' ஒரு சாண் அகலம். 'தொழிலாளி' என்ற சொல் அதன் காலடியில் எறும்பளவுக்குக் கிடக்கிறது.

ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் பயம் உண்டு. அதற்கு விமலாவின் கதைதான் காரணம். விமலா பக்கத்துத் தையல் கடைக்காரி. சிங்கப்பூரில் வேலை பார்த்த கணவன் அனுப்பிய நீண்ட கடிதங்களையெல்லாம் ஒருநாள் ஆசையாகக் கொண்டுவந்து, விளையாட்டாக மேகம் போடச் சொன்னாள். வாடகை, மழை, பஸ், முதலாளி, சாப்பாடு எல்லாம் வந்தன. விமலா என்ற பேர் எங்குமே இல்லை, மூலையில்கூட இல்லை. விமலா கடிதங்களை அடுக்கிக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்து அந்த ஆளுக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பது தெரிந்தது. "அந்தம்மாகிட்ட எதையும் டைப் அடிக்கக் குடுக்காதீங்க, வயித்துல கெடக்குறத எடுத்து வெளிய வச்சிரும்" என்று தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் புனிதவதி சிரித்துவிடுவார். தன் பிழைப்பே ஒருநாள் தன் பக்கம் திரும்பும் என்று அப்போது யார் கண்டது?

அவர் பிறந்தது ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில். ஒரு வயதில் அப்பா மரம் விழுந்து செத்தார். அடுத்த வருடம், எழுபத்தொன்பதில், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வளர்த்தது அப்பாவின் அக்கா நல்லம்மாள். அந்த அத்தையும் இரண்டு வருடம் முன்பு காலமாகிவிட்டார். அம்மா எப்படி இருப்பாள் என்பதற்குக் கடைச் சுவரில் மாலை போட்ட ஒரு சின்னப் படம்தான் சாட்சி. பத்தொன்பது வயது, காதோரம் பூ. வருடம் தவறாமல் அந்தப் படத்துக்கு முன்னால் இலை போட்டுத் தவசம் கொடுத்துவருகிறார் புனிதவதி. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால், தனக்குப் பிடித்ததையே சமைத்துப் படைப்பார்.

தோட்டம் இப்போது இல்லை. லய வீடுகளை இடித்தாயிற்று, சனங்கள் ரவாங், கிள்ளான், கோலசிலாங்கூர் என்று சிதறிவிட்டார்கள். அங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சத்தியசீலன் போன வருடம் ஒருநாள் கடைக்குள் கோபமாக நுழைந்தார். "கலைக்களஞ்சியத்துல நம்ம தோட்டத்துக்கு மூணு வரி போட்டிருக்கான். எத்தன ஏக்கரு, எத்தன டன்னு, எந்தக் கம்பெனி. மனுசன் ஒருத்தனாச்சும் வேணாமா புனிதவதி?" என்றார். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி எழுத வேண்டும், அவரவர் நினைவிலிருப்பதை எழுதிக் கடைக்கு அனுப்பட்டும், கட்டுரையைச் சேர்த்துக்கட்டும் பொறுப்பு புனிதவதிக்கு என்று கைபேசியின் புலனக் குழுவில் அறிவிப்பு விட்டார். எட்டு மாதத்தில் நாற்பத்து மூன்று பேர் எழுதினார்கள். சிலர் கைபேசியில் தட்டினார்கள், சிலர் நோட்டுத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள். தாளில் வந்தவற்றைக் கணினியில் எழுத்தாக்கித் தரும் வேலையை ஆசிரியரே செய்தார். வந்ததையெல்லாம் புனிதவதி ஒரே கோப்பில் போட்டுவைத்தார். வழக்கம்போல ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மேகம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். வெளியே மழை, கடையில் ஆளில்லை. வால்களை நறுக்க இரண்டு நாள் பிடித்திருந்தது. தோட்டம், கோயில், லயம், பால், மண்டோர் என்று எல்லாரும் சொல்லும் சொற்களை விலக்குப் பட்டியலில் ஏற்றினார். மிச்சத்தில் ஆளுக்கு ஒரு கதை இருக்கும், ஆளுக்கு ஒரு பேர் இருக்கும், எல்லாம் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பொத்தானைத் தட்டினார்.

நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், லீலாவதி என்று வந்தது.

அது அவருடைய அம்மாவின் பேர். தோட்டத்தில் வேறு லீலாவதி இருந்ததில்லை. அத்தை வீட்டில் உச்சரிக்கவே உச்சரிக்காத பேர் அது. தவசத்தன்று ஐயர் கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். புனிதவதி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மென்பொருள் கிறுக்குப் பிடித்து ஆடுகிறது என்று நினைத்து, அம்மாவின் பேரை விலக்குப் பட்டியலில் ஏற்றிவிட்டு மறுபடி தட்டினார். பேர் மறைந்தது. அதே இடத்தில், அதே அளவில், 'நின்றாள்' என்று வந்தது.

அதையும் ஏற்றினார். இந்த முறை 'தூரம்' என்று வந்தது.

கயிற்றில் தொங்கிய மேகங்கள் ஆடிக்கொண்டிருந்தன. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். நெல் லோரி ஓட்டும் கணவர் சிவநேசன் சாப்பாட்டுக்கு வந்தபோது, மனைவி கடையின் கடைசி மூலையில், திரையை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி உட்கார்ந்திருந்தார்.

"எண்ணுறதுல ஏதாச்சும் தப்பு நடந்திருக்கும்" என்றார் சிவநேசன்.

"நாப்பத்தோரு பேருங்க. ஆளுக்கு ஒரு தடவ. ரெண்டு தடவ எழுதுனவங்க யாருமே இல்ல."

அந்தப் பேரை எழுதாதவர்கள் இருவர்தான். தோட்டத்தில் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே ஈப்போவுக்குப் போய்விட்டவர்கள்.

புனிதவதி தன் ஒழுங்கை மீறி, அந்தப் பேர் வரும் வரிகளை மட்டும் தேடி எடுத்தார். ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் புது வேலி போட்ட கதையை எழுதியிருந்தார். எண்பத்து நாலு, சனவரி. நடுவில் ஒரு வரி: 'வேலிக்கு அப்பால், தூரத்தில், தலையில் பூ வைத்துக்கொண்டு லீலாவதி நின்றாள்.' அடுத்த வரியில் மறுபடி வேலிக்கம்பியின் கதை. இன்னொருவர் தொண்ணூறில் தண்ணீர்த் தொட்டி உடைந்ததைச் சொல்லும்போது, தொட்டியின் பின்னால் அவள் குடையோடு நின்றதைச் சொல்லியிருந்தார். இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே, சாலையைக் கடக்காமல் நின்றிருக்கிறாள். இரண்டாயிரத்து நாலில் மருத்துவமனை வாசலில். யாரும் அவளைப் பற்றி எழுதவில்லை. வேறு எதையோ சொல்லிக்கொண்டே போகிறார்கள், ஒரு வரியில் அவள் நிற்கிறாள், பேச்சு தொடர்கிறது. எழுபத்தொன்பதில் செத்துப்போனவள், நாற்பத்தோரு பேர் நினைவில், தூரத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

"எங்கம்மா பேயா நிக்குதாங்க?" என்று கேட்டார் புனிதவதி. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சிவநேசனும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். புனிதவதி மணிலா அட்டையை எடுத்தார். நீளமாக ஒரு கோடு போட்டு, வருடங்களை வரிசையாகக் குறித்தார். ஒவ்வொன்றின் மேலேயும் அம்மா நின்ற இடம், கீழே அன்று அங்கே என்ன நடந்தது. எண்பத்து நாலு சனவரிக்குக் கீழே எழுதப் போன கை நின்றது. வேலி போட்ட அந்த வாரம்தான் அவர் முதலாம் வகுப்பில் சேர்ந்தார். தண்ணீர்த் தொட்டி உடைந்த அன்று அவருக்குச் சடங்கு. கல்யாண மண்டபம் அவருடைய கல்யாணத்துக்கானது. மருத்துவமனையில் அன்று நித்தியா பிறந்தாள். கோட்டின் கடைசிப் புள்ளி இரண்டாயிரத்து இருபத்து மூன்று, அத்தையின் இறுதி ஊர்வலம். 'ஊர்வலம் போன பெரிய சடக்கு ஓரம் லீலாவதி தூரத்தில் நின்றாள், கையில் தடி' என்று எழுதியிருந்தவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சோமு.

புனிதவதி கோட்டை இடமிருந்து வலமாக விரலால் தடவிக்கொண்டே போனார். எண்பத்து நாலில் தலையில் பூ. தொண்ணூற்று நாலில் கண்ணாடி. இரண்டாயிரத்து ஒன்றில் பாதி நரை என்று ஒருவர் எழுதியிருந்தார். பதினைந்தில் முழு நரை. இருபத்து மூன்றில் தடி.

"ஏங்க" என்றார். "செத்தவங்களுக்கு நரைக்குமாங்க?"

மறுநாள் காலையில் இருவரும் தஞ்சோங் காராங்கில் சோமுவின் வீட்டுக்குப் போனார்கள். சோமுவுக்கு எண்பத்து மூன்று வயது, காது இன்னும் கூர்மை. புனிதவதி அட்டையை அவர் மடியில் விரித்தார். கிழவர் ரொம்ப நேரம் பார்த்தார். கடைசிப் புள்ளியின் மேல் தன் விரலை வைத்து எடுத்தார்.

"இம்புட்டுப் பேரா எழுதியிருக்காங்க?" என்றார்.

"நீங்கல்லாம் பேசி வச்சுக்கிட்டு எழுதலையா மாமா?"

"யாரு ஆயி பேசுறது. நான் ஒருத்தன்தான் எழுதிப்புட்டேன்னு எட்டு மாசமாத் தூக்கமில்லாம கெடக்கேன்."

அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுபத்தொன்பதில் மாரியம்மன் முன்னால் தோட்டமே கூடியது. நல்லம்மாள் கற்பூரத்தை ஏற்றிவைத்தார். லயத்துக்கு லயம் ஆண்களும் பெண்களும் வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பெரியவர்கள் அடித்த கற்பூரம் பிள்ளைகளையும் கட்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவைத்தார்கள்.

"என்னா சத்தியம்?"

"உங்கம்மாவப் பத்தி உங்கிட்ட வாயத் தொறக்குறதில்லன்னு." கிழவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "வாயின்னு சொல்லித்தான் அடிச்சோம். கையின்னு அடிக்கல. வாத்தியாரு எல்லாரும் எழுதி ஒங்கிட்ட அனுப்பச் சொன்னாரு பாரு, அன்னைக்கித்தான் எனக்கு அது தோணுச்சு. எல்லாருக்கும் தோணியிருக்கு போல."

நாற்பத்தாறு வருடம் நாற்பத்தோரு பேர் ஒரே பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கும் அது கனக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு வரி, அதற்கு மேல் பயம். சாமி கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக எழுதிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள், பாவம்.

"ஏன் மாமா போனாங்க?"

சோமு வாயைத் திறக்கவில்லை. சுவரிலிருந்த நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதினார். 'நெல் ஆலைச் சீனர் ஒருவர். நல்ல மனுஷன். உன்னையும் தூக்கிக்கொண்டு போகத்தான் நின்றாள். பிள்ளை எங்கள் ரத்தம், விட்டுவிட்டுப் போ, இனி நீ செத்தவள் என்று நல்லம்மா சொன்னாள்.'

புனிதவதிக்கு வந்த கோபத்தில் எதிரே இருந்த நாற்காலியை எட்டி உதைத்திருப்பார். "எத்தன வருசம் எல போட்டேன். பக்கத்துலயே உக்காந்து வடைக்கு மாவரச்சுக் குடுத்துச்சே அத்த" என்றார். "என்னைய வளத்ததும் அதுதான். என்னைய ஏமாத்துனதும் அதுதான். இனிமே அதுக்கு எல போடும்போது நான் என்னான்னு நெனச்சுக்கிறது?" சிவநேசன் தோளில் கை வைத்தார். அதைத் தட்டிவிட்டார் புனிதவதி.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "உசுரோட இருக்காங்களா மாமா?"

கிழவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை எழுதவில்லை. ஒரு நீளக் கோடு போட்டார், அதன் பக்கத்தில் அலை அலையாக நெளி. கால்வாய். அதன் மேல் ஒரு பாலம். பாலத்துக்கு அப்புறம் நாலு சதுரம் வரைந்து, நாலாவதற்குக் கூரை போட்டார். மேலே சுங்கை புரோங் என்று எழுதினார். பேனாவை எடுக்கப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு, அந்தக் கூரைக்குக் கீழே ஒரு தலையும் உடம்பும் இரண்டு காலும் வரைந்தார். பக்கத்தில் ஒரு தடி.

சுங்கை புரோங்கில் அப்போது வயல் பச்சை கட்டியிருந்தது. பாலத்தருகே காரை நிறுத்தச் சொல்லி, புனிதவதி தனியாக இறங்கினார். "நீங்க இங்கயே இருங்க. நான் கூப்புட்டா வாங்க" என்றார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. செத்தவளிடம் பேச அவருக்குப் பழக்கம் உண்டு. வருடா வருடம் பேசியிருக்கிறார். உயிரோடிருப்பவளை என்னவென்று கூப்பிடுவது?

நாலாவது வீட்டின் இரும்புக் கதவு திறந்திருந்தது. வாசலில் சாரோங் கட்டிய ஒரு கிழவி, காதில் பூ இல்லை, தடியை ஊன்றி நின்றாள். புனிதவதியைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பல வருடமாகப் பார்த்துப் பழகியவள் போலப் பார்த்தாள். புனிதவதிக்குத்தான் அவள் புதிது.

"சிவநேசன் காடியிலயேவா ஒக்காந்திருக்கு?" என்று கேட்டாள்.

தன் கணவனின் பேரை, பாலத்தருகே நிற்கும் காரை, எல்லாவற்றையும் அந்தக் கிழவி அறிந்து வைத்திருக்கிறாள். "ஆமா" என்றார் புனிதவதி.

"வெயில்ல நிக்காத. உள்ள வா."

புனிதவதி படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை, மேசையில் ஒருவர் சாப்பிட்ட தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

கிழவி இன்னும் வாசலில்தான் இருந்தாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குனிந்தாள். மகளின் செருப்பு இரண்டையும் எடுத்து, சாரோங் நுனியால் மண்ணைத் துடைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, கதவைப் பூட்டினாள்.